எல்லாரும் என்றால் எத்தனை பேர்?

பொங்கல் வாழ்த்து அனுப்பிய எல்லாருக்கும் நான் பதில் போடவில்லை. (இந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பது நான்கு மாதத்துக்கு முன்புவரை எனக்கு உறைத்ததில்லை. சிலருக்குப் போட்டேன் என்பதே என் பொருள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.) "ஐயா, உடம்பு சரியில்லையா? முகநூல் பக்கமே காணோமே" என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. 68 வயதில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியது நான் இல்லை. என் பழைய மாணவன் ஒருவனின் மகள் எழுதினாள். கூட உட்கார்ந்து படித்தவன் நான். படித்ததில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

நான் இப்போது இருப்பது ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. உங்களில் பலருக்கு இந்தப் பக்கம் ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையுமாகத்தான் நினைவில் இருக்கும். இப்போது காலை 5 மணிக்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடுகின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் எல்லாம் இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் ஆகின்றன. டீக்கடையில் இந்தியும் ஒடியாவும் கேட்கிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவராவது "ஐயா" என்று வண்டியை நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினவன்தான் இந்தப் பெண்ணின் அப்பா. பெயர் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

"ஐயா, பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது. வக்கீலுக்குப் படிக்கணுமாம். அதுக்கு ஏதோ எக்ஸாம் இருக்காம். கோச்சிங் எல்லாம் நம்மால ஆகாது. இங்கிலீஷ்ல லாஜிக்குனு ஒண்ணு வருதாம், அதுதான் புரியலையாம். நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றான். தமிழாசிரியனிடம் வந்து லாஜிக் கேட்கிறானே என்று நினைத்தேன். என் மனைவி கணக்கு டீச்சர், அவளை நம்பித்தான் கேட்கிறான் என்பது பிறகு புரிந்தது.

தேர்வின் பெயர் கிளாட். நாட்டில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு, நம் திருச்சியில் இருப்பதையும் சேர்த்து, இதுதான் வாசல். 2 மணி நேரம், 120 கேள்வி, தப்பாகப் போட்டால் கால் மார்க் போய்விடும். முழுக்க ஆங்கிலம். விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய், எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 3,500. டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் அய்லெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது. அதில் 150 கேள்வியில் 70 லாஜிக். (நம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். பிள்ளைகளுக்கு வழி கேட்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) கிளாட்டில் 2020 முதல் பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். அதற்கு முந்திய தாள்களில் நேரடியாகவே வரும்: எல்லா அ-வும் ஆ, சில ஆ இ, ஆகவே என்ன? அந்தப் பழைய தாள்களை ஜெராக்ஸ் எடுத்து ஒரு கட்டாகக் கொண்டுவந்தாள்.

திண்ணையில் சிலேட்டுப் பலகையை வைத்து ஆரம்பித்தோம். என் மனைவி வட்டம் போட்டாள். வெண்படம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கம்பெனி பஸ் எல்லாம் பஸ், அதனால் சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள்ளே. பஸ் எல்லாம் கம்பெனி பஸ் ஆகிவிடுமா? ஆகாது. இதுவரை யாருக்கும் சிரமமில்லை. அடுத்தது: "நம்ம தெரு டிரைவர் எல்லாரும் ஒரகடத்தில் வேலை செய்றவங்க. ஒரகடத்தில் வேலை செய்றவங்கள்ல சிலர் ஒடிசாக்காரங்க. அப்போ நம்ம தெரு டிரைவர்ல சிலர் ஒடிசாக்காரங்களா?" ஆமாம் என்று நானும் அந்தப் பெண்ணும் ஒரே குரலில் சொன்னோம். மனைவி ஒடிசா வட்டத்தை டிரைவர் வட்டத்தின்மேல் படாமல் ஓரமாகப் போட்டுக் காட்டினாள். ஆமாம், இப்படியும் இருக்கலாமே. இருக்கலாம் என்பது வேறு, இருந்தே ஆக வேண்டும் என்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை.

'சில' என்ற சொல்லில்தான் முதல் சண்டை. "ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சில. எல்லாமே இருந்தாலும் சில" என்றாள் மனைவி. ஒன்றைப் போய்ச் சில என்பதா? சில பன்மை! எண்ணுப்பெயர்கூட இல்லை! நான் எழுந்தே நின்றுவிட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: "தாத்தா, இட்லி சிலது வெந்திருக்குன்னு பாட்டி சொன்னா சிலது வேகலைன்னுதானே அர்த்தம்?" பேச்சில் அப்படித்தான். ஆனால் ஒரு இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மற்றதைப் பார்க்காதபோதே சொன்னதாக வைத்துக்கொள், என்றாள் மனைவி. மற்றதெல்லாமும் வெந்திருந்தால் நீ சொன்னது பொய்யாகிவிடுமா? அந்தப் பெண்ணுக்கு இது பிடித்துப்போனது. சாட்சி பார்த்ததை மட்டும் சொல்லணும், அதானே பாட்டி, என்றாள். வக்கீல் புத்தி அப்போதே இருந்தது.

பிறகு வந்தது நான் சறுக்கிய கேள்வி. 'ஆல் ஒர்க்கர்ஸ் ஆர் நாட் மெம்பர்ஸ்.' இதற்குச் சமமானது எது? நான் சட்டென்று, தொழிலாளர் ஒருவருமே உறுப்பினர் இல்லை என்றேன். கைடில் விடை, சில தொழிலாளர்கள் உறுப்பினர் இல்லை என்றிருந்தது. அச்சுப்பிழை என்று சொல்லி, பேனாவால் அடித்துத் திருத்தியும் கொடுத்தேன். முப்பத்து மூன்று வருஷம் மாணவர் நோட்டைத் திருத்திய கை, சும்மா இருக்குமா?

மறுநாள் காலை பல் துலக்கும்போது "வெளுத்ததெல்லாம் பாலல்ல" என்ற பழமொழி நினைவுக்கு வந்தது. நான் சொன்ன கணக்குப்படி அதற்கு என்ன பொருள்? வெளுத்த எதுவுமே பால் இல்லை. அப்படியானால் பாலே பால் இல்லை! வாயைக் கொப்பளிக்காமலே அலமாரியைத் திறந்தேன். தொல்காப்பியம் இடையியலில் உம் என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்லியிருக்கிறது. அதில் ஒன்று முற்று. எல்லாரும், பத்தும், இருவரும் என்று மிச்சமில்லாமல் அள்ளுகிற உம். முற்றும்மைக்கு எடுத்துக்காட்டுத் தருக என்று நான் எத்தனை தாளில் கேட்டிருப்பேன்! அதே இயலில் இன்னொரு விதியும் உண்டு. முற்றாக வந்த உம், எச்சமாக நிற்பதும் உண்டு. பத்தையும் கொடுக்காதே என்றால், ஒன்றும் தராதே என்றும் ஆகலாம், சிலவற்றைக் கொடு, சிலவற்றை வை என்றும் ஆகலாம் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். நன்னூலும் இதைச் சொல்கிறது. இரண்டையும் வகுப்பில் நடத்தியவன் நான். மார்க் வாங்குகிற விதியாக நடத்தினேன், அவ்வளவுதான். கவனியுங்கள், எச்சமாகத்தான் ஆகும் என்று தொல்காப்பியர் அடித்துச் சொல்லவில்லை. ஆவதும் உண்டு என்றுதான் சொல்கிறார். "எங்க வீட்ல எல்லாரும் கறி சாப்பிட மாட்டோம்" என்றால் சைவக் குடும்பம். "கறி போடாதீங்க, எல்லாரும் சாப்பிட மாட்டாங்க" என்றால் சிலர் சாப்பிடுவார்கள். வாக்கியம் ஒன்றுதான், எங்கே அழுத்துகிறோம், எந்த முகத்தோடு சொல்கிறோம் என்பதில் பொருள் மாறிவிடுகிறது. தேர்வுத்தாளுக்கு முகம் இல்லாததால் ஒரு பொருளை மட்டும் வழக்கமாக வைத்துக்கொண்டார்கள்.

கைடில் நான் அடித்ததை அழித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்தாள். மனைவி சிரிக்காமல் காபி கொண்டுவந்தாள், அது இன்னும் மோசம்.

அது செப்டம்பர் மாதம். சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங் ஆலையில் 9-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது, நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். திண்டுக்கல்லிலிருந்து என் மைத்துனர் போன் செய்து, "அங்க எல்லாரும் வேலைக்குப் போகலையாமே?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள், மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். அவர் எதைக் கேட்கிறார்? "மாமா, நீங்க முற்றும்மையா கேக்கறீங்களா, எச்சமா?" என்றேன். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளைக் கூட்டிப்போக வந்தவன், சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் அளவைப் பகுதியிலிருந்து பழைய உதாரணத்தை எடுத்திருந்தேன். மலையில் புகை தெரிகிறது, அதனால் நெருப்பு இருக்கிறது, அடுக்களையைப் போல. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. சரி, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டா? அந்தப் பெண் யோசித்தாள். அவன் சட்டென்று சொன்னான்.

"இல்ல ஐயா. எங்க ஷாப்ல வந்து பாருங்க. பில்லட் ஹீட்டர்லேர்ந்து வெளிய வரும்போது ஆரஞ்சுப் பழம் மாதிரி ஜொலிக்கும். இரும்புக்குள்ள அவ்வளவு நெருப்பு. ஒரு பொட்டு புகை இருக்காது. புகை இல்லையேன்னு கை வெச்சவன் கதை எல்லாம் இருக்கு."

ஃபோர்ஜிங் கம்பெனியில் அவன் வேலை. காய்ச்சிய இரும்பு. தர்க்க நூல்களில் இதே இடத்தில் வரும் உதாரணமும் அதுவேதான். இவன் எந்த நூலும் படிக்காமல் சொல்கிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "டேய், நீ அன்னைக்கே இப்படிப் பேசியிருந்தா எங்கேயோ போயிருப்பியேடா" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "நீங்கதான் ஐயா சொன்னீங்க, 'இந்தக் கிளாஸ்ல எல்லாரும் பாஸாக மாட்டீங்க'ன்னு. பொண்ணுகிட்ட வீட்ல நேத்து இதைத்தான் கேட்டேன். அது எந்த எல்லாரும்? ரெண்டாவதா இருந்தா நான் பரீட்சைக்குப் போயிருக்கலாம் போல."

குறையாகச் சொல்லவில்லை. ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். என் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

1994. பிப்ரவரி என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு, திருப்புதல் தேர்வுத் தாள்களை மேஜைமேல் போட்டுக்கொண்டு நான் கத்தியது எனக்கும் நினைவிருக்கிறது. சொன்ன சொற்கள் நினைவில்லை. அவனுக்கு இருக்கிறது. ஹால்டிக்கெட் வாங்கியிருந்தான். மார்ச்சில் தேர்வுக்கு வரவில்லை. யாரோ வீட்டில் கஷ்டம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழும்பத் தொடங்கியபோது கட்டட வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு இந்தச் சாலையில் அவன் செய்யாத வேலை இல்லை. "அது ஒண்ணுதான் காரணம்னு இல்ல ஐயா, அப்பாவுக்கும் உடம்பு முடியல" என்று என் முகத்தைப் பார்த்துச் சமாதானம் சொன்னான். ஒன்றுதான் காரணம் இல்லை. அப்படியென்றால் அதுவும் ஒரு காரணம். அன்று இரவு எனக்கு இந்த ஒரு உம் போதுமாக இருந்தது.

தொல்காப்பியத்தையும் நன்னூலையும் காட்டி நான் தப்பித்துக்கொள்ளலாம். எச்சமாகத்தான் சொன்னேன், உங்களில் சிலர் தேற மாட்டீர்கள் என்றுதான் பொருள், நீ தப்பாக விளங்கிக்கொண்டாய் என்று சொல்லலாம். அந்த ஆண்டு அந்த வகுப்பில் பதினேழு பேர் தேறினார்கள், எச்சம் என்று கணக்கும் ஒத்துப்போகும். ஆனால் உண்மை அதுவா? அன்று கோபத்தில் இருந்தவன், அவர்கள் பயப்பட வேண்டும் என்று நினைத்தவன். சிலர் என்று கேட்டால் பயம் வராது, ஒருவருமே என்று கேட்டால்தான் வரும். எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் விரும்பினேனோ அப்படித்தான் அந்தப் பையன் கேட்டிருக்கிறான் போலிருக்கிறது. இதை அவனிடம் மறு வாரம் சொன்னேன். "விடுங்க ஐயா" என்றான்.

அந்தப் பெண் ஏன் சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. அதற்கும் காரணம் அப்பாதான். ஒரே இடத்தில், ஒரே இரும்பு, ஒரே ஹீட்டர். ஆனால் கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது, அடையாள அட்டையின் நிறம் மாறுகிறது, நடுவில் சில நாள் 'பிரேக்'. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய ஒவ்வொரு தொழிலாளியையும் நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அதை போனில் இறக்கிவைத்திருந்தாள். "தாத்தா, இதுல 'ஒவ்வொரு'ன்னு இருக்கு. சில இல்ல, பல இல்ல. அப்புறம் ஏன் எங்க அப்பாவுக்கு இல்ல?"

மனைவி வட்டம் போட்டாள். பெரிய வட்டம், அந்த நிறுவனத்தின் தொழிலாளிகள். வட்டத்துக்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இந்தச் சட்டம். அப்பா எங்கே? கான்ட்ராக்டர் என்று வேறொரு வட்டம் பக்கத்தில் போட்டு அவரை அதில் வைத்துவிட்டார்கள். 'ஒவ்வொரு' என்ற சொல்லில் யாரும் கை வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. வட்டத்தின் கோட்டைத்தான் நகர்த்துகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி உண்மையில் யாருடைய தொழிலாளி என்று நீதிமன்றங்களில் பல வழக்குகள் இந்தக் கோட்டைப் பற்றித்தான். பெண் ரொம்ப நேரம் அந்தச் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே ஒன்று சொன்னாள். போன தீபாவளிக்கு அப்பாவின் லைனில் ஒரு நோட்டீஸ், 'இந்த லைனில் உள்ள நிரந்தரத் தொழிலாளர் அனைவருக்கும் சிறப்பு ஊக்கத்தொகை.' லைனில் நிரந்தரத் தொழிலாளர் ஒருவர்கூட இல்லை. "இது பொய் இல்லல்ல பாட்டி?" பொய் இல்லை. வெற்றுக் கணத்தில் எல்லாருக்கும் எதையும் கொடுக்கலாம். கணக்கில் அது உண்மை என்றே வரும். எனக்கு வாங்கின கடனையெல்லாம் அடைத்துவிட்டேன் என்று கடனே வாங்காதவன் சொல்வது போல. அதைக் கேட்டு அவள் அப்பா சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 1 அன்று தேர்வு எழுதினாள். நான்தான் அவள் அப்பாவுடன் போய் வாசலில் நின்றேன், அவனுக்கு அன்று சம்பளம் இல்லாத விடுப்பு. லாஜிக்கில் நன்றாகச் செய்திருந்தாள், பொது அறிவில் போய்விட்டது. திருச்சிக்குப் போதாது. ஒரு நாள் அழுதாள், அப்புறம் ப்ளஸ் டூ புத்தகத்தை எடுத்துவிட்டாள். மார்க் வந்தால் மே மாதம் அம்பேத்கர் பல்கலைக்கழகத்துக்குப் போடலாம். நடுவில் ஒரு செய்தி. அந்தத் தேர்வின் விடைக்குறிப்பில் 2 கேள்விகளுக்கு விடை தவறு என்று டில்லி உயர் நீதிமன்றம் டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. "விடையெல்லாம் சரியில்லையாம் தாத்தா" என்று ஓடி வந்தாள். எந்த எல்லாம் என்று நான் கேட்பதற்குள், "எச்சம், எச்சம்!" என்றாள்.

இப்போது இந்தப் பதிவின் காரணம். 1994-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இரண்டு பேர் துபாயில், ஒருத்தி அரக்கோணத்தில், மூன்று நான்கு பேர் இங்கேயே இருக்கிறீர்கள். அன்று நான் சொன்னது உங்கள் காதில் எப்படி விழுந்தது? சிலர் தேற மாட்டீர்கள் என்றா, ஒருவருமே தேற மாட்டீர்கள் என்றா? தேறியவர்களும் சொல்லுங்கள், தேறாதவர்களும் சொல்லுங்கள். கீழே எல்லார் முன்னாலும் எழுதக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியாக அனுப்புங்கள். என்னைத் திருப்திப்படுத்த வேண்டாம். கேட்டதை மட்டும் சொல்லுங்கள்.